மேஜை நடுவில் வைக்க ஒன்று

ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து நீங்கள் போனைத் தொடுவதே இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாம். ஆனால் அவர் முன்னால் நின்றுகொண்டு நீங்கள் 'ம்', 'ம்' என்றுதான் சொல்வீர்கள். அதனால்தான் கடிதம்.

கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "யாரையாவது எதிர்பார்க்கறியா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். ஏன் வரவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை அத்தை. ஆனால் "இன்னும் எத்தனை நாள் எனக்குத் துணைன்னு உட்கார்ந்திருப்பே? போய் வாழு" என்று என்னைப் பிடித்துத் தள்ளியதே நீங்கள்தானே?

வீடு ஆறாவது மாடியில் இருக்கிறது. நான் படியில்தான் ஏறி இறங்குகிறேன். முதலில் அவர் லிஃப்டில் போய் மேலே எனக்காகக் காத்திருப்பார். பிறகு ஒரு நாள், ஒன்றும் கேட்காமல் என்னோடு படியேற ஆரம்பித்தார். இப்போது தினமும் அப்படித்தான். நாலாவது மாடியில் அவருக்கு மூச்சு வாங்கும். நின்று, ஜன்னலில் ஏதோ வேடிக்கை பார்ப்பது போல் பாவனை செய்வார். இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடம் சொல்வது?

ஒரு உதவி வேண்டும். இங்கே சாப்பாட்டு அறையில் பெரிய மேஜை, எட்டு நாற்காலி. அவருடைய அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "நடுவுல மொட்டையா இருக்கு. புதுசா வந்தவ, உன் கையால அழகா ஏதாவது வாங்கி வை" என்று வீட்டுப்பாடம் கொடுப்பது போல் சொல்லிவிட்டார். கடை கடையாக ஏறி இறங்கி வெறுங்கையோடு வந்தேன். பகல் முழுவதும் எக்ஸ்ரே அறையில் கறுப்பையும் வெள்ளையையும் பார்க்கிறவளுக்கு எந்த நிறம் எதற்குப் பொருந்தும் என்று எப்படித் தெரியும்? உங்கள் கண்ணுக்குத்தான் அது வரும். நீங்கள் பார்த்து எடுத்தால் எனக்கு நிம்மதி.

உங்கள்,
மருமகள்


ஜூன் 12

அம்மாடி,

உன் கடிதம் வந்தது. 'அவர்', 'அவர்' என்று எழுதியிருக்கிறாய். எந்த அவர் என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. 'படியேற ஆரம்பித்தார்' என்று படித்ததும் என் பையன்தான் ஏதோ படியேறுகிறான் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் புத்தி வந்தது. இனிமேல் உன் பல் டாக்டரை 'இவர்' என்று எழுது. போனவன் 'அவர்' ஆகவே இருக்கட்டும். எனக்கும் குழப்பம் இருக்காது, உனக்கும் இருக்காது.

கல்யாணத்தன்று கடையில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் நீளம் குறைக்க வந்திருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

மேஜை நடுவில் எதற்கு அலங்காரம்? சோற்றுப் பாத்திரம் வைக்கிற இடம் அது. நம் வீட்டில் தையல் மேஜையில் துணியை ஒதுக்கிவிட்டு, ஊசி கிடக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவோம். நடுவில் கத்தரிக்கோல் இருக்கும். அதுதான் நம் அலங்காரம். என் பையன் சாப்பிட்டுக்கொண்டே அதை எடுத்து நகம் வெட்டப் பார்ப்பான். எத்தனை தடவை அவன் கையில் அடித்திருப்பேன்!

உன் பல் டாக்டர் படியேறுகிறான் என்று எழுதியிருக்கிறாய். லிஃப்ட் பழுது பார்க்கிறவனைப் பெற்று அந்தக் குழியிலேயே பறிகொடுத்தவள் நான். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீ யோசித்தாயோ என்னவோ. நல்லவனாகத்தான் தெரிகிறான். நல்லவனாக இருக்கிறானே என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் வந்து உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

மேஜை என்ன நீளம், என்ன அகலம், மரம் என்ன நிறம், மேலே விளக்கு இருக்கிறதா? அளவு சொல்லாமல் எனக்குத் தைக்கவும் வராது, வாங்கவும் வராது.

அத்தை


ஜூன் 20

அன்புள்ள அத்தைக்கு,

அளவு நூல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். நூல் பிடித்து அளந்து, நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று வெட்டிவிட்டேன். நீங்கள் சொல்லித்தந்த மாதிரிதான். மரம் கருந்தேன் நிறம். மேலே மஞ்சள் விளக்கு தாழ்வாகத் தொங்குகிறது. இவர் உயரம். எழும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொள்கிறார்.

'இவர்' என்று எழுதிவிட்டேன். எழுதும்போது உங்களுக்குக் கீழ்ப்படிந்த மாதிரியும் இருந்தது, உங்கள் மகனைக் கையைப் பிடித்து எழுப்பித் தள்ளி உட்கார வைத்த மாதிரியும் இருந்தது.

சீருடை வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணத்தன்று பள்ளிக்கூடம் எல்லாம் விடுமுறையில் இருந்தது அத்தை. சரி, விடுங்கள்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் வாங்கி வைத்துவிட்டு வந்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, அல்லது தையல் மெஷின் மேல் அலங்காரமாக நிற்கிறதா? நான் போன பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா, நின்றுகொண்டேவா? உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். நின்றுகொண்டேதான்.

ஒன்று கேட்பேன், மறுக்காதீர்கள். வாங்குவதை அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டு வந்து உங்கள் கையால் மேஜையில் வையுங்கள். இரண்டு நாள் என்னோடு இருந்துவிட்டுப் போங்கள்.

உங்கள்,
மருமகள்


ஜூலை 9

அம்மாடி,

என்னை நன்றாக அலைய வைத்துவிட்டாய். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு வெட்டி வேலை. ஆனால் பொய் சொல்வானேன், நான் இப்படிக் கடைத்தெருவைச் சுற்றிக் காலம் ஆயிற்று.

முதல் கடையில் பிளாஸ்டிக் பூங்கொத்து காட்டினான். "வாடாதும்மா, அழுக்கானா சோப்புப் போட்டுக் கழுவிக்கலாம்" என்றான். கழுவுகிறதற்கு வீட்டில் வேறு சாமான் இல்லையா? இரண்டாவது கடையில் மீன் தொட்டி. உள்ளே ஒற்றைச் சிவப்பு மீன் சுற்றிச் சுற்றி வருகிறது. சாப்பிடுகிறவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டே அது சுற்றினால் தொண்டையில் சோறு இறங்குமா? இன்னொரு இடத்தில் வெண்கலத்தில் ஒரு குதிரை, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு. யாருடைய தட்டையோ மிதிக்கப் போகிறது என்று தோன்றியது.

ஒரு கடையில் உயரமான ஜாடி பார்த்தேன். கழுத்து நீண்டு, மேலே தங்கக் கோடு போட்டு, அவ்வளவு அழகு. எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு அங்கே விற்பனைக்கு இருந்த மேஜை ஒன்றின் நடுவில் அதை வைக்கச் சொல்லிவிட்டு, நான் ஒரு பக்கம் உட்கார்ந்து, கடைக்காரப் பெண்ணை எதிர்ப்பக்கம் உட்காரச் சொன்னேன். அவள் முகமே தெரியவில்லை. காது மட்டும் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சாப்பாட்டு மேஜை நடுவில் வைக்கிற பொருள் தாழ்வாக இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் முகம் தெரிய வேண்டும். மற்ற எல்லாம் அப்புறம்தான்.

கடைசியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் கிடைத்தது. தட்டு மாதிரி அகலம், உள்ளங்கை உயரம். பச்சையும் நீலமும் கலந்த நிறம், ஓரத்தில் மட்டும் தேன் மாதிரி மஞ்சள் இறங்குகிறது. உன் மேஜை நிறத்துக்கு அந்த ஓரம் பேசும். அதில் பூ, கல் எதுவும் போடாதே. தண்ணீர் மட்டும் ஊற்று. மேலே விளக்கு தாழ்வாகத் தொங்குகிறது என்று எழுதினாயே, அந்த வெளிச்சம் தண்ணீரில் ஆடி, உங்கள் எல்லார் முகத்திலும் விழும்.

கட்டும்போது கடைக்காரப் பெண், "யாருக்கும்மா?" என்றாள். "என் மகளுக்கு. புதுசாக் குடித்தனம் போயிருக்கா" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது. அவள் இன்னும் ஒரு சுற்றுத் தாள் அதிகமாகச் சுற்றிக் கொடுத்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். கிண்ணம் என் மடியில்தான் வரும்.

அத்தை


ஜூலை 21

அன்புள்ள அத்தைக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

இரண்டு நாள் இருப்பதாகத்தான் வந்தீர்கள். உங்கள் பை சாப்பாட்டு அறை மூலையில் இருந்ததைப் பார்த்தேன். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தீர்கள். நான் உள்ளே போய் வருவதற்குள் பையும் இல்லை, நீங்களும் இல்லை. படியில் ஓடி வந்தேன். கீழே காவலாளி, "இப்பத்தான் ஒரு அம்மா வண்டி பிடிச்சுப் போனாங்க" என்றார்.

கிண்ணத்தை எல்லோரும் பாராட்டினார்கள். தண்ணீர் ஊற்றியதும் நீங்கள் சொன்ன மாதிரியே வெளிச்சம் ஆடியது. அன்று வந்திருந்த இவருடைய மாமி, இதை எங்கே வாங்கினோம் என்று கேட்டார். இவர் கிளினிக்கிலிருந்து வந்ததும், "எங்கே அவங்க? நான் பார்க்கவே இல்லையே" என்றார்.

உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? படியேறி வந்ததில் களைப்பாக இருந்திருக்கும். ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்,
மருமகள்


ஜூலை 28

நீ எழுதியதைப் படித்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதது போல் எழுதியிருக்கிறாய். எனவே நானே எழுதுகிறேன்.

ஆறு மாடி ஏறி வந்தேன். கையில் கிண்ணம் இருந்ததால் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு படியாக, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவள் போல ஏறினேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது. அது பொய் இல்லை. அதை நான் மறுக்க மாட்டேன். உள்ளே பார்த்தால் விருந்தாளிகள். தலைமையாசிரியை அம்மாவின் தம்பியும் அவர் மனைவியும் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார்கள். சரி, யார் இருந்தால் என்ன என்று நினைத்தேன். நானே தாளைப் பிரித்து, நானே கிண்ணத்தை நடுவில் வைத்தேன். உட்கார்ந்தோம்.

மாமா என்னைப் பார்த்து, "லிஃப்ட் ஓடலையா என்ன? இவங்க இப்படி வேர்த்து விறுவிறுத்து வந்திருக்காங்களே?" என்றார். "ஓடுதே, நாம அதுலதானே வந்தோம்" என்றார் மாமி. நீ தட்டைப் பார்த்தாய். நானும் தட்டைப் பார்த்தேன். அந்த மேஜையில் நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அது. அந்த ஒரு நிமிஷம் நாம் பழைய வீட்டில் இருந்த மாதிரி இருந்தது.

பேச்சை மாற்றத்தான் என்று நினைக்கிறேன், நீ கரண்டியை எடுத்துக்கொண்டு, "அத்தை, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்றாய். "எனக்குப் போதும்மா" என்றார் தலைமையாசிரியை. அதே சமயம் நானும் "போதும்" என்றேன். இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. மாமி சிரித்துவிட்டார். "அட, இவங்களும் அத்தையா? எந்த வழியில அத்தை?" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "இல்ல... சும்மா அப்படிக் கூப்பிடுவேன். பழைய வீட்டுப் பக்கத்துல தெரிஞ்சவங்க."

மாமி நல்லவர்தான். "வெறும் தெரிஞ்சவங்க இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திருக்கீங்களே! யாருக்கு வரும் இந்த மனசு?" என்று என்னிடம் சொன்னார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

தப்பு என்னுடையதுதான். கடையில் அந்த உயரமான ஜாடியை எடுத்திருக்க வேண்டும். உன் முகம் மறைந்திருக்கும். சொல் மட்டும்தான் கேட்டிருக்கும்.

இப்படிக்கு,
பழைய வீட்டுப் பக்கத்தில் தெரிந்தவர்


ஆகஸ்ட் 3

அத்தை,

உங்கள் கடிதத்தை எக்ஸ்ரே அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே நோயாளிகள் கதவைத் தட்டினார்கள்.

சமாதானம் சொல்ல வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். எனக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது இவருக்கும் இவருடைய அம்மாவுக்கும் தெரியும். சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. அன்று மாமா வந்து உட்கார்ந்ததும் இவருடைய அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "இன்னிக்கு அந்தப் பேச்சு எதுவும் வர வேண்டாம், என்ன?" என்றார். அதட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். நான் தலையாட்டினேன். அப்போது உங்களை நினைக்கவில்லை. நீங்கள் படியேறிக்கொண்டிருந்தீர்கள்.

மாமி கேட்டதும் நான் உண்மையைத்தான் சொல்ல நினைத்தேன். 'என் மாமியார்' என்று சொன்னால் எந்த மாமியார் என்பார்கள். பிறகு அவர் என்ன ஆனார் என்பார்கள். எப்படி என்பார்கள். சாப்பாட்டு மேஜையில், உங்கள் முன்னால், நான் அந்தக் குழியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குள் வாய் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை மாமா வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் இருக்கும்போது சொன்னேன்: "அன்னிக்கு வந்தவங்க என் மாமியார். எனக்கு இது ரெண்டாவது கல்யாணம். என் முதல் வீட்டுக்காரர் லிஃப்ட் வேலையில இறந்துபோனார். அவங்களும் நானும் ஒண்ணா இருந்தோம்." இவர் என் பக்கத்தில் இருந்தார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இதை நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து இவருடைய அம்மா என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமானால்கூட இவரிடம்தான் கேட்கிறார். கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். நான் எடுத்து மறுபடி மேஜையில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் அலமாரியில். நான் மறுபடி மேஜைக்கு. இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் மட்டும் தினமும் கொட்டுகிறது.

ஒரு வரி எழுதுங்கள் அத்தை. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 24

அத்தை,

பதில் இல்லை. பக்கத்துக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அம்மா நல்லா இருக்காங்க. கடை திறக்கறாங்க. நீங்க கூப்பிட்டீங்கன்னு சொன்னேன், 'சரி'ன்னாங்க" என்றார். 'சரி' என்றால் என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்டேன். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

மருமகள்


செப்டம்பர் 15

அம்மாடி,

கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன். மூக்குக்கு மேல் வந்த கோபம் அவ்வளவு நாள் இறங்கவில்லை. ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது.

ஒரு பெண் பேன்ட்டின் இடுப்பைத் தளர்த்த வந்தாள். பிள்ளைத்தாய்ச்சி. நான் டேப் வைத்து அளந்துகொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில், "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்று கேட்டாள். அவள் வயிற்றைச் சுற்றி என் கை. அந்த இடத்தில் நின்றுகொண்டு நான் அவளிடம் எதைச் சொல்வேன்?

"எனக்குப் பிள்ளை இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் பேன்ட்டை வைத்துவிட்டுப் போனாள். நான் மெஷின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்து மாதம் சுமந்து, வளர்த்து, ஆளாக்கி, கல்யாணம் பண்ணிவைத்தவனை நானே வாயால் இல்லை என்று ஆக்கிவிட்டேன். யாரும் என்னைக் கெஞ்சவில்லை. சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அப்போதுதான் உன் வாயில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று எனக்குப் புரிந்தது. உன் மேல் எனக்கு இனிக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை.

மாமா வீட்டில் நீ எழுந்து சொன்னதைப் படித்தேன். அந்தத் தைரியம் உனக்கு என் பையனிடமிருந்து ஒட்டிக்கொண்டது. கிண்ணத்தை அலமாரியிலேயே விட்டுவிடு. அதற்காக மல்லுக்கு நிற்காதே. அந்த அம்மாளும் கெட்டவர் இல்லை. தன் பையனை நாலு பேர் ஒரு மாதிரிப் பார்த்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார். என் பையனுக்காக நான் அதைவிட மோசமாக எல்லாம் நடந்துகொண்டிருப்பேன்.

இன்னொன்று. கதவைத் திறந்தபோது உன் முகம் மலர்ந்தது என்று எழுதினேனே. அதற்கு அடுத்த நிமிஷம் நீ என் கால்களைப் பார்த்தாய், எத்தனை மாடி ஏறி வந்தேன் என்று. உடனே உன் முகம் பழைய முகம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, அந்த முகம். நான் எதிரில் வந்தால் நீ தாலியறுத்தவளாகவே ஆகிவிடுகிறாய். நான் எதுவும் பேச வேண்டியதில்லை, வந்து நின்றாலே போதும். உன்னை அப்படிப் பார்க்கத்தானா நான் உன்னைத் தள்ளி அனுப்பினேன்?

அதனால் நான் அங்கே வர மாட்டேன். நீயும் இங்கே வராதே. கடிதம் எழுது. எல்லாவற்றையும் எழுது, நான் படிக்கிறேன். ஆனால் வராதே.

கல்யாணத்தன்று சீருடை எதுவும் வரவில்லை. கடையை உள்ளே பூட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

அத்தை


செப்டம்பர் 22

அத்தை,

நான் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று என் முகத்துக்குத் தெரியும். நீங்கள் அதற்கு அளவெடுக்க வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். காலை வண்டியில் வருகிறேன். இவரிடம் சொல்லிவிட்டேன். "போயிட்டு வா. எத்தனை நாள் வேணும்னாலும் இரு" என்றார்.

எனக்கு ஒன்றும் சமைக்க வேண்டாம். கதவை மட்டும் திறந்தால் போதும்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 30

அம்மாடி,

நீ வந்தபோது நான் உள்ளேதான் இருந்தேன்.

உனக்கு அது தெரியும் என்று எனக்குத் தெரியும். நீ நம் வீட்டு மாடியேறும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உன் காலடிச் சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். அது நின்றது உனக்குக் கேட்டிருக்கும். அதனால்தான் நீ இரண்டாவது தடவை தட்டவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண், "உள்ளதான் இருப்பாங்க, காலையில பார்த்தேனே. அசந்து தூங்கறாங்களோ என்னவோ" என்றாள். "பரவாயில்லைங்க, தூங்கட்டும்" என்றாய் நீ. அவள் நாற்காலி கொண்டு வந்து போட்டாள். கதவோடு ஒட்டிப் போட்டாய் போலிருக்கிறது, அதன் முதுகு கதவில் இடிக்கிற சத்தம் கேட்டது. நான் இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து கதவில் சாய்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாய்: "அத்தை, திறக்க வேண்டாம். கொஞ்ச நேரம் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

ஏன் திறக்கவில்லை என்று சொல்கிறேன், கேள். உன் முகம், என் முகம் என்று போன கடிதத்தில் ஏதேதோ எழுதினேன். அதெல்லாம் உண்மைதான், ஆனால் முழு உண்மை அது இல்லை. கதவைத் திறந்து உன்னைப் பார்த்தால் நான் 'போகாதே' என்று சொல்லிவிடுவேன். நான் சொன்னால் நீ இருந்துவிடுவாய். நீ அப்படிப்பட்டவள். "எத்தனை நாள் வேணும்னாலும் இரு" என்று அவன் வேறு சொல்லி அனுப்பியிருக்கிறான். அந்தப் பிள்ளை அங்கே படியில் மூச்சு வாங்க நின்றுகொண்டு, நீ வருகிறாயா என்று ஜன்னலில் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு அவ்வளவு பயம். உன்மேல் இல்லை, என்மேல்.

மத்தியானம் ஆயிற்று. நீ இருமினாய். சளி பிடித்திருக்கிறது. அந்த இருமலுக்குத் தாழ்ப்பாள் வரைக்கும் என் கை போய்விட்டது. வெந்நீர் குடி. எக்ஸ்ரே அறையில் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே உட்காராதே.

பிறகு நீ எழுந்தாய். கதவில் கையை வைத்தாய் என்று நினைக்கிறேன், மரம் லேசாக முனகியது. படியில் இறங்கினாய். கடைசிப் படி வரை எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் தெருச்சத்தம்தான்.

வெளியே யாரும் இல்லை என்று தெரிந்ததும் கதவைத் திறந்தேன். நாற்காலி அங்கேயே இருந்தது. அதில் உட்கார்ந்தேன். இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு ஆறுகிறவரை எழுந்திருக்கவில்லை.

பிறகு அதைத் துடைத்து, பக்கத்து வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அத்தை